ஏழாவது விதியும் இரண்டு கட்டு ஈர்க்கும்

உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எதில் வாய்வைத்துத் தண்ணீர் குடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கணக்கில் எத்தனை புள்ளி என்று தெரியும். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதும் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையாம் பிள்ளை என்பது அதைவிட நன்றாகத் தெரியும். தண்ணீரைப் பற்றி மட்டும் தெரியாது. முத்துவீரனுக்குத் தெரியும். அவர் எழுத்தறியாதவர், கக்கூஸ் கழுவுபவர்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர் முத்துவீரன். முப்பது வயதில் தேயிலை ஸ்டோர் படியில் வழுக்கி விழுந்து வலது காலைக் கெடுத்துக்கொண்டார். நொண்டிக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. மனைவி கொழுந்து பறித்ததால் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, மட்டும் தப்பியது. அவர் காலை முதல் பஸ்ஸில் மாத்தளைக்கு இறங்கி, அங்கே ஒரு தமிழ்ப் பாடசாலையில் கூட்டவும் கழுவவும் சேர்ந்தார். பாடசாலையின் பெயர் வேண்டாம். சொன்னால் ஒரு பாடசாலை கோபிக்கும், சொல்லாவிட்டால் பல பாடசாலைகள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபிக்கும். பலர் கோபிப்பதே நல்லது.

அவருக்கு ஒரே மகள். சந்திரகாந்தா என்று பெயர் வைத்தார். "லயத்துப் பிள்ளைக்கு இவ்வளவு நீளப் பேர் எதற்கு?" என்று தோட்டத்துக் கிளாக்கர் சிரித்தாராம். "நீளமா இருந்தா யாரும் சுருக்கா கூப்பிட்டு வெரட்ட முடியாதுங்க" என்றாராம் இவர். அந்த மகள் அதே பாடசாலையில் எஸ்.எஸ்.சி. வகுப்பு வரை வந்துவிட்டாள். அந்தத் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்த முதற்பெண் அவள்தான்.

பாடசாலை முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பா. அதன் முன்பக்கம் குழாயும், சங்கிலியில் கட்டிய பித்தளைத் தம்ளரும் இருந்தன. அது நகரத்துப் பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும். தோட்டப் பிள்ளைகள் பின்பக்கம் போய்க் குனிந்து கையை ஏந்த வேண்டும். பியோன் சுந்தரலிங்கம் நீளப்பிடி வைத்த சிரட்டை அகப்பையால் உயரத்திலிருந்து ஊற்றுவார். தம்ளரில் அவர்கள் வாய் பட்டால் தீட்டு. பாடசாலை முகாமையாளர் மாணிக்கவாசகம் மிளகும் ஏலமும் வாங்கி விற்பவர். அதே தோட்டத்துக் கைகள் பறித்த ஏலக்காயை மெல்லும்போது அவருக்குத் தீட்டு ஏற்பட்டதாகத் தகவல் இல்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு, கிழக்கே எங்கோ கப்பலேறிய காய்ச்சல் கொழும்பில் இறங்கி, மலையேறி மாத்தளைக்கு வந்தது. பத்து நாளில் முப்பத்தொரு பிள்ளைகள் விழுந்தார்கள். மண்டபத்தில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். முகாமைக் குழு கூடி ஏழு சுகாதார விதிகளை எழுதி வாசலில் ஒட்டியது. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், இருமும்போது லேஞ்சியால், அதாவது கைக்குட்டையால், வாயை மூட வேண்டும், ஆளுக்காள் மூன்றடி விலகி நிற்க வேண்டும், இப்படி. விதிகள் பலிக்க வேண்டும் என்று மறுநாளே கோயிலில் ஒரு விசேட பூசையும் வைத்தார்கள். முந்நூறு பேர் தோளோடு தோள் இடித்து நின்று, மூன்றடி விலகி நிற்கும் விதிக்கு அருள் வேண்டினார்கள்.

ஏழாவது விதியைச் சுந்தரலிங்கம்தான் வாசித்துச் சொன்னார்.

"முத்துவீரண்ணே, மறு அறிவித்தல் வரைக்கும் தோட்டப் பிள்ளைங்க வரக்கூடாதாம். லயத்துல இருந்துதான் நோய் வருதாம். ஒங்க மகளும் நாளைக்கு வர வேணாம்."

"நானு?"

"நீங்க கட்டாயம் வரணும். மண்டபத்து ஹோல்ல பேசின் எல்லாம் நெறைஞ்சு கெடக்கு."

"அப்ப நான் மட்டும் என்ன, லண்டன்ல இருந்தா வர்றேன்?"

சுந்தரலிங்கம் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

லயத்தில் சந்திரகாந்தா நாட்காட்டியை எடுத்துவைத்து எண்ணினாள். "நூத்துக்கு எண்பது நாள் வரவு இல்லாட்டி சோதனைக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்கப்பா. இன்னும் பன்னெண்டு நாள்தான் தவறலாம்." அதைக் கேள்விப்பட்ட கங்காணி மறுநாளே வந்து நின்றார். "எதுக்குடா முத்துவீரா மெனக்கெடுறே? மக பேரக் குடு, கொழுந்துக்கு ஆள் பத்தல."

"பன்னெண்டு நாள் பொறுங்க கங்காணி. கொழுந்து எங்கயும் ஓடிறாது."

முத்துவீரன் ஒரு வேலை செய்தார். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே, மண்டபத்தில் ஒரு பிள்ளை வந்து படுத்தால் தன் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வைப்பார். நகரத்துப் பிள்ளை என்றால் முழு ஈர்க்கு. தோட்டப் பிள்ளை என்றால் பாதியாக ஒடித்தது. பாடசாலை அவரை அப்படித்தான் எண்ணப் பழக்கியிருந்தது. ஏழாவது விதி ஒட்டப்பட்ட அன்று முதல் கட்டைக் கட்டிவிட்டு, இரண்டாவது கட்டைத் தொடங்கினார்.

ஏழாவது விதி ஒட்டிய பத்தாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் புஹாரி வந்தார். முகாமையாளர் விதிகளைக் காட்டி, ஏழாவதை விரலால் இரண்டுமுறை தட்டினார். மண்டபத்து வாசலில் பேசினோடு நின்ற முத்துவீரன் நொண்டிக்கொண்டு முன்னே வந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி கேக்கலாங்களா?"

"டேய், போய் வேலையப் பாரு," என்றார் மாணிக்கவாசகம். "இவன் கக்கூஸ் கழுவுறவன், சேர்."

"அதனாலதான் கேக்கப்போறேன்," என்றார் புஹாரி. "நோயாளிட பக்கத்துல போறது இவர் ஒருத்தர்தானே. நீங்க ஒரு நாளாச்சும் இந்த ஹோலுக்குள்ள கால் வெச்சீங்களா?" முத்துவீரன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

முத்துவீரன் இரண்டு கட்டுகளையும் தரையில் வைத்தார். "இது லயத்துப் புள்ளைங்க இருந்தப்ப விழுந்தது, முப்பத்தொண்ணு. அதுல ரெண்டுதான் பாதி ஈர்க்கு. எங்க புள்ளைங்க மொத்தம் இருபத்தினாலு பேருங்க. இது அதுங்கள வெரட்டின பொறகு விழுந்தது, இருபது. அதுல பாதி ஈர்க்கே இல்ல. நோயக் கொண்டாந்தவங்க போயிட்டாங்க. நோய் ஏங்க போகல?"

"வெளிய போட்ட பிள்ளைகள் லயத்துல விழுந்திருக்கலாமே?" என்றார் புஹாரி.

"தெனமும் அந்தி பஸ்ஸில எறங்கி ஒவ்வொரு லயமா போய்ப் பாக்குறேங்க. ஒண்ணும் விழல."

புஹாரி ஈர்க்குகளைத் தானே எண்ணினார். பிறகு முற்றத்துக்குப் போய்ப் பீப்பாவைச் சுற்றி வந்தார். முன்பக்கத் தம்ளரை எடுத்து விளிம்பைப் பார்த்தார். பின்பக்க அகப்பையையும் பார்த்தார். அவர் படித்தவர், ஆகவே நிதானமாகவே சொன்னார்: "காத்தால பரவும், விடுதியில நெருங்கிப் படுத்தாலும் பரவும். இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா நூறு வாய் படுற தம்ளர வெச்சுக்கிட்டு, வாயே படாமக் குடிச்ச பிள்ளைகள வெளிய போட்டிருக்கீங்க. உங்கட விதிகள்ல உருப்படியா வேல செஞ்சது ஒண்ணுதான். அத நீங்க எழுதவே இல்ல."

எண்ணிப் பாருங்கள். அவமானப்படுத்துவதற்காக ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அது நல்ல சுகாதாரமாக அமைந்துவிட்டது. அந்தச் சுகாதாரத்தையும் தாங்கள் வைத்துக்கொள்ளாமல், வெறுத்தவர்களுக்கே தானம் செய்திருந்தார்கள். இப்படி ஒரு வள்ளல்தன்மையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

புஹாரி ஏழாவது விதியை அடித்தார். தம்ளரைக் கழற்றச் சொன்னார். இனி எல்லோரும், ஆசிரியர் உட்பட, கையேந்தித்தான் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்தக் கடிதம் முகாமைக் குழுவைத் தாண்டி வர இரண்டு நாள் எடுத்தது; தோட்டப் பிள்ளைகள் பன்னிரண்டாம் நாள் கழிந்த மறுநாள் வந்தார்கள். சந்திரகாந்தா பஸ்ஸிலிருந்து பாடசாலை வாசல் வரை ஓடியே வந்தாளாம்.

அன்று காலைக் கூட்டத்தில் மாணிக்கவாசகம் சுகாதாரம் பற்றி அரைமணி நேரம் பேசினார். இடையில் இருமல் பிடித்தது. தொண்டை அடைத்தது. தண்ணீர் என்று சைகை காட்டிப் பீப்பாவுக்குப் போனார். சுந்தரலிங்கம் அதற்குள் தானும் மண்டபத்தில் பாயில் கிடந்தார். அகப்பையோடு நின்றவர் முத்துவீரன்.

"கைய ஏந்துங்க மொதலாளி. கொஞ்சம் குனியணும்."

முழுப் பாடசாலையும் பார்த்துக்கொண்டு நின்றது. முகாமையாளர் அகப்பையைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "எனக்குத் தாகமில்ல," என்றார். இருமிக்கொண்டே காருக்குப் போனார். உப்புத் தண்ணீரும் விசேட பூசையும் செய்யாத அற்புதத்தை ஒரு சிரட்டை அகப்பை செய்தது. ஒரு மனிதனின் தாகம் கண்ணெதிரே தீர்ந்தது.

சந்திரகாந்தாவின் விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது. பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது ரிவர்ஸ்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கங்காணி அவளை முழுப்பெயரும் சொல்லித்தான் கூப்பிடுகிறாராம், பின்னால் ஒரு 'டீச்சரம்மா'வும் சேர்த்து.

இவ்வளவோடு நிறுத்தினால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் சென்ற வாரம் முத்துவீரனிடம், பீப்பா எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காய்ச்சல் போன மறுமாசமே தம்ளர் வந்துருச்சுங்க. புதுசு, எவர்சில்வர். சங்கிலி மட்டும் அதே பழசுதான். எங்க புள்ளைங்க பின்பக்கந்தான்." சிரித்தார். "அது நல்லதுதாங்க, சீக்கு வராது. ஆனா ஒரு புள்ள என்னக் கேட்டுச்சு, 'நாங்க ஏன் குனியணும்?'னு. அதுக்கு ஈர்க்குல பதில் இல்லீங்களே."

ஹொங்கொங்கிலிருந்து இன்னொரு காய்ச்சல் புறப்பட்டிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. குழுக்கள் மறுபடியும் கூடும், விதிகள் ஒட்டப்படும், ஏழாவது விதியும் எழுதப்படும். அதற்கு முன்னால், நாளைக் காலை உங்கள் பிள்ளையோடு பாடசாலைக்குப் போங்கள். பீப்பாவை முழுதாக ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு பிள்ளை குனிந்து நின்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குவளை வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று கையேந்த வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் உரக்கச் சொல்லுங்கள். போகும்போது சட்டைப்பையில் ஒரு குறடு இருக்கட்டும். அந்தச் சங்கிலி பழசுதான், வெட்ட அதிக நேரம் எடுக்காது.