புள்ளி எந்தப் பக்கம்

தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் சாலையை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே லாரிகளின் டீசல் பம்பைப் பிரித்து மாட்டுகிறேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு கொட்டகையை மூடச் சொன்னவர்கள் நிறைய. நான் மூடவில்லை. கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பம்பைப் பிரிக்க அது போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன்.

என் மகனிடம் ஒரு ஆறு சக்கர லாரி இருந்தது. ஒரகடம் கம்பெனிகளுக்கு இரும்பு வார்ப்பு ஏற்றிப் போவான். கேட்டில் ஒரு நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்குள் உள்ளே போகவில்லை என்றால் அன்றைய நடை போச்சு. பாரம் ஏற்றினால் வண்டி மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு தடவை நேரம் தப்பியது. மூன்றாவது தடவை தப்பினால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். வண்டியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். மகன் சின்ன அட்டைப் பெட்டியோடு கொட்டகையில் நின்றான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பின், கண்ணாடிபோல் பளபளவென்று. கூடவே மடித்த காகிதம், முழுக்க இங்கிலீஷ். பம்பில் இருக்கிற பின்னை எடுத்துவிட்டு இதைப் போட்டால் டீசல் கூடுதலாக இறங்கும், வண்டி நன்றாக இழுக்கும் என்றான். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தானாம்.

அப்போது தன் வண்டிக்காகக் காத்திருந்த தென்காசிப் பக்கத்து டிரைவர் ஒருவர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, இது ஒங்க காலத்துப் பம்புச் சாமான் மாரி இல்லல்லா. தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து மாட்டச் சொல்லுங்க" என்றார்.

தெரிஞ்சவங்க. முப்பது வருஷமாக அந்தச் சாலையில் ஓடுகிற பாதி லாரியின் பம்பு என் கையில் திறந்து மூடியது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. மகன் அந்த நேரம் பார்த்துக் காகிதத்தைப் பிரித்தான்.

"இரும்மா, இதுல எப்படிப் போடணும்னு போட்டுகீது. படிக்கிறேன்."

"எனக்கு நீ பாடம் படிச்சிக் காட்ட வேணாம். மடிச்சி பாக்கெட்ல வை" என்றேன்.

டிரைவர் சிரித்தார். மகன் மடித்து வைத்துக்கொண்டான்.

பம்பு மூடியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டுத்தான் நான் எதையும் திறப்பேன். அன்றும் போட்டேன். நான்கு திருகாணியையும் கழற்றித் தூக்குச்சட்டி மூடியில் வரிசையாக வைத்தேன். மூடிக்குக் கீழே வட்டமாக ரப்பர், அதன் நடுவில் தொங்குகிறது பழைய பின். டர்போ எஞ்சினுக்குள் ஊதுகிற காற்று ரப்பரை அழுத்தினால் பின் கீழே இறங்கும். பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஊசி வந்து அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பின் எங்கே ஆழமாகச் சீவியிருக்கிறதோ அங்கே ஊசி உள்ளே போகும், டீசலும் அதிகம் இறங்கும். ஒரு பக்கம் கொஞ்சமாகவும் ஒரு பக்கம் ஆழமாகவும் சீவியிருக்கும். எந்தப் பக்கம் ஊசிக்குக் காட்டுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

புதுப் பின்னின் தலையில் ஒரு புள்ளி இருந்தது. வீட்டுக்காரர் எந்தச் சாமானைக் கழற்றினாலும் இரும்பு ரம்பத்தால் ஒரு கீறல் போடுவார். கீறல் எந்தப் பக்கம் பார்த்ததோ திரும்பவும் அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். பின்னில் அதை ஊசி தொடுகிற பக்கத்தில்தான் போடுவார். எங்கள் கொட்டகையில் அடையாளம் என்றால் அது ஊசியைப் பார்க்கும். யோசிக்கவே மாட்டோம். பின்னைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். டீசலில் ஊறித் தடித்த விரல். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல்தான் தெரிந்தது. தெரியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியை ஊசிப் பக்கம் திருப்பி மாட்டி மூடினேன்.

மகன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். வண்டி பறக்கிறது என்றான். பின்னால் சாலை முழுக்கக் கரும்புகை. டீசல் எரிந்து முடியாமல் போகிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். புகை வந்தால்தான் இழுவை என்று டிரைவர்கள் சொல்வதை அன்று ஒரு நாள் நானும் நம்பிக்கொண்டேன்.

நாலாம் நாள் முழுப் பாரத்தோடு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி நின்றது. கட்டி இழுத்துவந்து எஞ்சினைப் பிரித்தோம். ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. அவ்வளவு சூடு.

மகன் அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்தான். ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. புள்ளி இருப்பதுதான் ஆழமாகச் சீவிய பக்கம், முதலில் அது ஊசிக்கு எதிர்ப் பக்கம் இருக்க வேண்டும், பிறகு புகையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறதாம்.

"எப்ப படிச்ச?"

"பொட்டி வந்த அன்னிக்கே."

"நான் மாட்டும்போது நின்னுகினு இருந்தியே. இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியாம்மா?"

லாரியை நின்ற நிலையிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். எதற்கும் கொட்டகைக்கு வருவதில்லை. காலையில் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு என் கொட்டகையைத் தாண்டித்தான் போகிறான். ஆரன் அடிப்பதில்லை.

நான் தெரியாமல் செய்தேன். அவன் தெரிந்தும் சொல்லாமல் நின்றான். இதில் எது பெரிது என்று படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்துவிட்டேன். எப்படிப் பார்த்தாலும் தராசு என் பக்கமே சாய்கிறது. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

போன மாதம் வல்லக்கோட்டையிலிருந்து ஒருத்தர் அதே பின்னோடு வந்தார், அதே காகிதம். படித்துச் சொன்னால்தான் திறப்பேன் என்றேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். புள்ளியை எதிர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். எஞ்சினை முடுக்கினோம். கறுப்பே இல்லை, லேசான சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புகை.

அப்போது சாலையில் கம்பெனி பஸ் போனது. அந்தப் புகையை அவன் பார்த்திருப்பான். நான் தலை நிமிராமல் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.