லோடு ஏறினால் மட்டும் வரும் சத்தம்

என் டிரெய்லர் லாரிக்குக் கள்ளத்தனம் அதிகம். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஊரும்போது மட்டும் அடியில் 'டொக், டொக்' என்று தட்டும். காலியாக ஷெட்டுக்குக் கொண்டுபோனால் வாயே திறக்காது. மெக்கானிக் வேறு யாருமில்லை, என் தங்கை புருஷன்தான். நன்றாகப் பார்த்துவிட்டு, "மச்சான், வண்டி ஷோக்காத்தான் கீது. உன் காதைத்தான் கயட்டிப் பாக்கணும்" என்றான். எனக்கு வந்ததே கோபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் மகளைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு ஒரு குடும்பம் வந்த அன்று, எவனுடைய கியர் பாக்ஸிலோ தலையை விட்டுக்கொண்டு இவன் வீட்டுக்கே போகவில்லை. வந்தவர்கள் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார்கள். இந்தப் பையனை என் தங்கை மகளுக்கு போட்டோவிலேயே பிடித்துவிட்டது. இதுவும் கெட்டால் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று தங்கை அவனிடம் சொல்லியிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவொற்றியூரில், கன்டெய்னரோடு நின்ற லாரியில் அவனை ஏற்றினேன். துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசை எப்படியும் காசிமேட்டில் அவன் வீட்டுப் பக்கமாகத்தான் போகும், அங்கே இறங்கிக்கொள் என்றேன். என் காது சரி என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாக அவன் ஏறி உட்கார்ந்தான். ஊர்ந்தோம். சத்தம் வரவில்லை. பாழாய்ப்போன லாரி என் மானத்தை வாங்கியது. நேரமாகிவிட்டது, ஆட்டோ பிடிக்கிறேன் என்று அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தபோது வந்தது. டொக்.

"இன்னொரு தபா வுடு."

விட்டேன். டொக். அதோடு ஆள் காலி. பெண்ணும் மறந்தது, வரனும் மறந்தது. இறங்கிப் போய் முன்சக்கரத்தின் பக்கமாகத் தலையை நுழைத்துவிட்டான். முன்னால் வரிசை நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை. பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது.

வேனிலிருந்து சரிகை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பக்கக் கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா! தங்கை அனுப்பிய போட்டோவில் நடுவில் நின்றவர். மச்சான் அந்த போட்டோவைத் திறந்தே பார்க்கவில்லை.

"யோவ், நடு ரோட்ல இன்னாய்யா கட பரப்பிக்கினு கீற? நாங்க நல்ல காரியத்துக்குப் போவணும்!"

"போயேன், யாரு வேணான்னா? மேல பறந்து போ!" என்றது சக்கரத்தின் பக்கமிருந்து குரல்.

"கசுமாலம்! உன்னைக் கட்டிக்கினு அழுவுறாளே, அந்தப் பொம்பளையச் சொல்லணும்!"

நான் குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசிய பேச்சுக்கு இனி ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி முழிப்பார்கள்? பயமாகவும் இருந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை லேசாக விட்டேன். டொக்.

பெரியவர் திட்டுவதை நிறுத்திக் காதைச் சாய்த்தார். விசைப்படகில் எஞ்சின் பார்த்தவர் என்று தங்கை சொல்லியிருந்தாள். "இன்னொரு தபா" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நான் மறுபடியும் அப்படியே கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, இருவரும் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எஞ்சின் எகிறுது பாரு!" என்றார் பெரியவர்.

"அட ஆமாய்யா, மவுண்டிங் பூட்ச்சு!"

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிய்ந்திருந்தது. பாரம் இழுக்கும்போதெல்லாம் எஞ்சின் எழும்பி, சைலன்சர் குழாய் வண்டியின் சேஸ் சட்டத்தில் இடித்திருக்கிறது. என் காது ஜெயித்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினேன். இரண்டு பேரும் பழைய டயர் துண்டு ஒன்றை அங்கே செருகிக்கொண்டிருந்தபோது தங்கை போனில் அழுதாள்.

"ண்ணா, அவரையும் காணோம், அவங்களையும் காணோம். பொண்ணு மொகத்தப் பாக்க முடியல."

"அழாத. ரெண்டு பேரும் என் லாரிக்கு அடியிலதான் கீறாங்க" என்றேன்.

இறங்கிப் போய் அறிமுகம் செய்துவைத்தேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள், கிரீஸ் பூசிய கைகளைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள். மாப்பிள்ளைப் பையன் வேன் ஜன்னலில் சிரித்துக்கொண்டிருந்தான். நான் லாரியை நகர்த்தி வழி விட்டதும், மச்சானையும் ஏற்றிக்கொண்டு வேன் ஓரமாகப் புகுந்து போய்விட்டது.

நான் வரிசையில் மாட்டிக்கொண்டேன். வண்டியில் சத்தமே இல்லை. என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணை என் தோளில் போட்டு வளர்த்தேன். என் வீம்பால் அவளுக்கு இதுவும் கெட்டுவிடுமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவளே போனில் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? சண்டையா?"

"சண்டையா? வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் உன் எஞ்சினைத்தான் பேசிக்கினு கீறாங்க மாமா. எங்களை யாரும் கண்டுக்கல. அதான் நாங்களே மாடிக்குப் போயி பேசி முடிச்சிட்டோம்."

"முடிச்சிட்டீங்கன்னா?"

"அவருக்கு சம்மதம், எனக்கும் சம்மதம். கீழ போயி சொல்லலாம்னு பாத்தா, அவங்க இன்னும் எஞ்சினை வுட்டு வெளிய வரல."