மதியண்ணனின் முழங்காலும் அம்மாவின் கையும்

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடும்போது கணுக்கால் பிசகி விழுந்துவிட்டாள். பிசியோ ஒரு சின்னப் பெண். வீங்கிய இடத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"விழுறப்ப உள்ளுக்குள்ள ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சாம்மா?"

"இல்லக்கா."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வீட்ல யாரும் எண்ணெய் கிண்ணெய் போட்டுத் தேச்சு விடலல்ல சார்?"

"இல்லவே இல்லைங்க" என்றேன். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தக் கிளினிக்கில் எந்த வாடையும் இல்லை. கால் சுளுக்கென்றால் என் மூக்கு தானாக விளக்கெண்ணெயைத் தேடும். எங்கள் வீடு பூராவும் அந்த வாடைதான் அடிக்கும். பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அடுப்பு அணைந்த பிறகு தணல் ஓரமாக வைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் எடுப்பார் அம்மா. ஏன் எங்கள் வீட்டில் என்று கேட்பீர்கள். அம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நானும், என்னைவிடச் சில நிமிடம் முன்னால் வந்துவிட்ட திமிரை இன்றைக்கும் சிங்கப்பூரிலிருந்து போனில் காட்டிக்கொண்டிருக்கும் என் அண்ணனும்தான் அம்மாவுக்குக் கிடைத்த டாக்டர் பட்டம்.

நடவு நேரத்தில் வாசலில் கூட்டம் இருக்கும். வரப்பில் வழுக்கினவர்கள், மூட்டை தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிய வாத்தியார் ஒருத்தர். அம்மா யாரிடமும் ஒன்றும் வாங்க மாட்டார். வாங்கினால் கை பலிக்காதாம். எனக்கு இதில் அநியாயத்துக்குப் பெருமை. பிறந்ததைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை என்றாலும், கல்லூரியில் சேர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமைதான் மதியண்ணனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

மதியழகன் எங்கள் ஊர் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரர். அணி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் ஆடுவார், மற்ற நான்கு பேரும் பந்தை எடுத்து அவரிடம் கொடுப்பார்கள். நான் அந்த நான்கிலும் இல்லை. உட்கார்ந்திருந்து துண்டு கொடுக்கிறவன். பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டர் போட்டுக்கொண்டு அவர் ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள். மேலே எழும்பினால், இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை யோசித்துவிட்டு இறங்குகிற மாதிரி இருக்கும். இப்போது டிவியில் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். அப்படி ஒருத்தரையும் பார்க்கவில்லை என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள்.

எங்கள் ஆடுகளம் மண் தரை. வாய்க்கால் ஓரம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் கிழக்கு மூலை கசிந்து நசநசவென்று ஆகிவிடும். அந்த வருடம் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் மணல் கொட்டியிருப்பார்கள். நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு ஈரம் என்றால் உமிதான் ஞாபகம் வரும். ரைஸ்மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்து பரப்பினோம். பார்க்கத் தரை காய்ந்த மாதிரிதான் இருந்தது. அரை இறுதி ஆட்டத்தில், பந்தைப் போட்டுவிட்டு மதியண்ணன் இறங்கியது அந்த உமியின் மேல். கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது.

மறுநாள் இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் பார்க்க வருகிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு? எங்கம்மா பாத்துப்பாங்க, காலையில ஓடுவீங்க பாருங்க" என்று நான்தான் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்தேன். அம்மா காலைத் தொடுவதற்கு முன்னாலேயே கட்டுத்துணி வாங்கி வர என்னைக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது விளக்கெண்ணெய் வாடை வாசல் வரை வந்துவிட்டது.

மறுநாள் அவர் ஆட இறங்கினார். முதல் முறை எழும்பி இறங்கியதும் முழங்கால் மடங்கிவிட்டது. அவர் கத்தியதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "யாருய்யா தேச்சு விட்டது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ஊரில் ஒரே பேச்சுதான். "ரெட்டப்புள்ளக்காரி கை வச்சா, பையன் கால் போச்சு." கடைத்தெருவில், பஸ்ஸில், கோயிலில், எங்கள் முகத்துக்கு நேராக இல்லாமல், ஆனால் எங்கள் காதில் விழுகிற மாதிரி. மதியண்ணன் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, எதிரே அம்மா வந்தால் சட்டென்று வேறு தெருவுக்குள் திரும்பிவிடுவார். எவ்வளவு கோபம் இருந்தால் அந்தக் காலை வைத்துக்கொண்டு சுற்றுவழியில் போவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அம்மா நின்று அவர் போவதைப் பார்ப்பார். யாராவது தெரியாத்தனமாகச் சுளுக்கோடு வீட்டுக்கு வந்தால், "இப்பல்லாம் கையில வலு இல்லப்பா" என்பார்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் மயிலாடுதுறைக்குப் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், மதியண்ணனுக்கு அடிபடாத ஒரு வாழ்க்கையை ஓட்ட ஆரம்பித்துவிடுவேன். மாநில அணி. அப்புறம் விளையாட்டுக்காரர் ஒதுக்கீட்டில் சென்னையில் உத்தியோகம். அப்புறம் இந்தியா பனியன். விமானத்தில் அவருக்கு ஜன்னல் சீட் கொடுப்பேன். முதுகில் என்ன எண் போடுவது என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊருக்கு வருவார், பையை நான் தூக்கிக்கொண்டு போவேன். எவ்வளவு பெரிய கற்பனையிலும் எனக்கு நான் கொடுத்துக்கொண்டது துண்டு தூக்குகிற வேலைதான்.

ஆனால் அந்த வாழ்க்கை தொடங்க வேண்டுமானால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். அன்று சாயங்காலம் எங்கள் வீடு பூட்டியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அம்மாவைத் தாராசுரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பூட்டைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புவேன். அப்புறம்தான் விமானமெல்லாம். எத்தனை வருடம் எத்தனை தடவை அம்மாவைத் தாராசுரத்துக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். மகள் நடை பழகிய வயதில் கையைப் பிசகிக்கொண்டு அழுதாள். அம்மா பழக்க தோஷத்தில் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்துவிட்டார். "வேணாம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மா கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். அந்த முதுகை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் குத்தாலம். அங்கே மதியண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். இத்தனை வருடமும் அந்தக் கடையைத் தாண்டும்போது வண்டியை வேகமாக விடுவதுதான் என் வழக்கம். அன்று மகள் தண்ணீர் வேண்டும் என்றதால், கடைக்கு இந்தப் பக்கம் இருந்த பெட்டிக்கடையில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவர் பார்த்துவிட்டார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, கார் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. பின் சீட்டில் நீட்டியிருந்த கட்டுக்காலைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, பந்தாட்டமா? விழுறப்ப உள்ள சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

மகள் சிரித்துவிட்டாள். "பிசியோ அக்காவும் இதையேதான் அங்கிள் கேட்டாங்க."

"ஒங்களுக்கு எப்புடிண்ணே தெரியும்?" என்றேன் நான்.

அவர் ஜன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒங்கம்மா கேட்டதுதான். அன்னைக்கு நீ கடைக்குப் போயிருந்த. காலைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டாங்க. 'உள்ள சத்தம் கேட்டுச்சாப்பா? கேட்டிருந்தா நான் தொட மாட்டேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடு'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன்." ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டுச்சுடா. கீழ எறங்குனப்பவே சுள்ளி ஒடையிற மாதிரி கேட்டுச்சு. சொன்னா மறுநாள் ஆட வுட மாட்டாங்களே."

நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"அப்புறமாச்சும் சொல்லிருக்கணும். ஊரே பாவம் மதி, பாவம் மதின்னுச்சு. நானே கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா எவன் சொல்லுவான்? ஒங்கம்மா மொகத்தப் பாக்க முடியாமத்தான் தெரு மாறித் திரிஞ்சேன். என்னைக்காச்சும் எல்லார் முன்னாடியும் கேட்டுருவாங்கன்னு பயம். அவங்க கேக்கவே இல்ல."

கேட்கவில்லை. எங்களிடம்கூடச் சொல்லவில்லை. கால் போய்க் கிடக்கிற பையன் மேல் பழியையும் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை. போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஊர் சொன்னதை நானும் ஏன் அப்படியே நம்பினேன், அன்று என்னதான் நடந்தது என்று ஒரு தடவையாவது ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை? ஒருவருக்காக அத்தனை கற்பனை செய்தவனுக்கு, பெற்றவளிடம் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை.

மதியண்ணன் என் தோளைத் தொட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார். மகள் கேட்டாள். "அப்பாயி சுளுக்கெல்லாம் எடுப்பாங்களாப்பா? நீ சொன்னதே இல்ல?"

"எடுப்பாங்க" என்றேன். "ரொம்ப நல்லா எடுப்பாங்க."

ஆடுகளம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள், கசிவு கிடையாது. பித்தளைக் கிண்ணத்தைத் தேடிப் பார்த்தேன். பழைய பாத்திரங்களோடு என்றைக்கோ போட்டிருக்கிறோம். நேற்று பஸ்ஸில் பழக்கம் விடாமல் மதியண்ணனின் கதையைத் திரும்ப ஓட்டினேன். இந்த முறை வீடு திறந்திருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார். மதியண்ணன் "ஆமாங்க" என்றார். ஸ்டேட் டீம், சென்னை, விமானம் எதற்குள்ளும் நான் போகவில்லை. அம்மா வீட்டில் இருந்தார். அதற்குள் மயிலாடுதுறை வந்துவிட்டது.