பிளாஸ்திரி ஒட்டாத ஆள்

சின்னவள் தையல் மிஷினைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதன் அடிப்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி போன இடத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு தெரிந்தது. ‘பெரிய மகள்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

"இதுவும் அக்காவுக்கா," என்று மிஷினை நிமிர்த்திவிட்டு, அடுத்தாற்போல் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடமாகப் போர்வை மடிக்கிற கைகள். சும்மா இருக்கப் பழகாதவை.

நாற்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குச் ‘சின்னது’ என்றுதான் பெயர். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போனார். அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது கையருகில் இருந்தவள் இவள். பதினோரு வருடம் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். கடைசி நான்கு வருடம், இவள் வேலைக்குப் போகும் பகல் நேரத்துக்கு மட்டும் நர்ஸாக என்னை வைத்தார்கள்.

பிளாஸ்திரி விஷயத்தில் குற்றம் என்னுடையது. மாத்திரை டப்பாக்களில் காலை, மதியம், ராத்திரி என்று பிளாஸ்திரி வெட்டி ஒட்டி எழுதி வைப்பேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். அந்த அம்மாள் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "நர்ஸம்மா, அந்தக் கண்ணாடி பீரோவுக்கும் ஒண்ணு ஒட்டு. மகன்னு எழுது," என்றார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். பீங்கான் தட்டு பன்னிரண்டுக்கும் தனித்தனியாக ஒட்டினோம். அண்ணன் ஒரு மாதம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவர் துண்டின்மேல் அக்கா துண்டு ஏறும். அக்கா போனில் சிடுசிடுத்தால் அதன்மேல் மறுபடி அண்ணன். பீரோவின் உள்கதவில் மட்டும் ஐந்து அடுக்கு இருக்கும்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனது, இரவல் கொடுத்திருந்த என் சக்கர நாற்காலியை எடுத்துவர. அது பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. வீடு இரண்டு அறையும் ஓர் அடுப்படியும்தான். சாமான்களுக்கு நடுவே நடக்க ஒரு சாண் வழி விட்டிருந்தது. சின்னவள் அதில் பக்கவாட்டில் நடந்து நடந்து, தெருவில் போகும்போதும் ஒரு தோளை முன்னால் நீட்டிக்கொண்டு போவாள்.

இப்போது அவளுக்கு ஒரு வழி வந்திருந்தது. சலவைக்கூடம் நகரத்தின் மறுகோடியில் புதுக் கிளை திறக்கிறது. மேற்பார்வை வேலை. தங்க மாடியில் ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் போய்ச் சாவி வாங்கவேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்ய முதலில் சாமான் போகவேண்டும். அதற்காகத்தான் அண்ணனையும் அக்காவையும் வரச்சொல்லியிருந்தாள்.

வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

"அம்மா கெட்டிக்காரி. சண்டைக்கே வேலை இல்லாம பண்ணிட்டுப் போயிட்டா," என்றார் அண்ணன், பீரோவைத் திறந்துகொண்டே.

"பீரோ எனக்குன்னுதான் கடைசியா சொன்னா," என்றாள் அக்கா.

"என் பேருதானே ஒட்டியிருக்கு?"

"அது எத்தனாவது அடுக்கோ! உரிச்சா வெங்காயம் மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்."

"சரி, எப்ப எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுத்துட்டுப் போயி எங்க வைக்கிறது? உங்க அண்ணிக்கே நிக்க இடம் இல்லாத வீடு," என்றார் அண்ணன்.

"நான் இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மிஷினை இடுப்புல வச்சுக்கிட்டா ஏறுவேன்?" இது அக்கா.

"அப்ப வித்துடலாமா?"

"அம்மா பொருளை விக்கிறதா? எப்படிடி நாக்கு வந்தது உனக்கு!"

"இங்கேயே இருக்கட்டும். அதான் நீ இருக்கியே," என்றார் அண்ணன். "யாரோடதுன்னு தெரிஞ்சாப் போதும். பேரு இருக்கு."

"நாளைக்கு நான் போகணும்ணே. போன்ல சொன்னேன்ல."

"ஒத்தப் பொம்பளைக்கு அப்படி என்ன அவசரம்? வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிடும். பொறு, ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

கிளம்பும்போது அக்கா இரண்டு பீங்கான் தட்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லையாம்.

அவர்கள் போனதும் சின்னவள் மறுபடி ஆரம்பித்தாள். நாற்காலி, முக்காலி, சர்க்கரை டப்பா, டம்ளர் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தேடுற?"

"எனக்குன்னு ஒண்ணு ஒட்டியிருப்பாங்கல்ல நர்ஸம்மா? ஒரு டம்ளராவது இருக்கும். இது என்னுதுன்னு தெரிஞ்சா அதைப் பாத்துக்கிட்டு இருந்துடலாம்."

நோயாளியிடம் நான் பொய் சொன்னதில்லை. இவளிடம் மட்டும் எதற்கு?

"தேடாதே. எல்லாம் நான் எழுதினது. உன்னை ஒரு இடத்துலயும் எழுதலை."

கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டில் காலிலும் ‘மகன்’ என்று இருந்தது.

"நான் கேட்டேன், சின்னவளுக்கு என்னன்னு. ‘அவ இங்கதானே இருக்கப்போறா, எல்லாம் அவகிட்டதானே இருக்கும், அவளுக்கு எதுக்குத் தனியா’ன்னு சொன்னாங்க."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கொடுத்துவிட்டதாகவே நினைத்துப் போனார். கதவுக்கும் ஜன்னலுக்கும் யாரும் பெயர் ஒட்டுவதில்லை. இவளையும் அவற்றோடு சேர்த்துவிட்டார்.

"அப்ப இந்த வீட்ல என்னுது ஒண்ணுமே இல்ல."

"இல்ல."

"ஒரு கரண்டி?"

"கரண்டி அக்காவுக்கு."

சிரித்துவிட்டாள். "காவலுக்கு நாய் வளத்தாக்கூட அதுக்குன்னு ஒரு தட்டு வைப்பாங்க நர்ஸம்மா."

இரண்டு பேரும் சேர்ந்து சக்கர நாற்காலியை மடக்கி, கட்டிலுக்கு மேலாகத் தூக்கி வெளியே எடுத்தோம். வாசலில், "உங்க பையில பிளாஸ்திரி இருக்கா?" என்று கேட்டாள். எப்போதும் இருக்கும். சுருளையும் கத்தரியையும் கொடுத்தேன். ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தாள்.

மறுநாள் காலை நடந்ததை அவள் அண்ணியே எனக்குச் சொன்னாள். ஆறரை மணிக்குச் சின்னவள் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். பல் தேய்த்துக்கொண்டே அண்ணன் திறந்தாராம். தோளில் ஒரு துணிப்பையோடு நின்றவள், வீட்டுச் சாவியை நீட்டியிருக்கிறாள். சாவியில் பிளாஸ்திரி. அதில் இவள் கையெழுத்தில், ‘மகன், பெரிய மகள்’.

"என்ன இது?"

"சாவி. ரெண்டு பேர் பேரும் எழுதியிருக்கேன், சண்டை வராது."

"சாமானை யாரு பாத்துக்கிறது?"

"பேர் இருக்கிறவங்க."

வாயில் நுரை இருந்ததால் அண்ணனால் உடனே பேச முடியவில்லை. துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

ஏழு பத்துப் பேருந்தைப் பிடித்தாள். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கினாள். மாடிப்படி நான்கு பேர் சேர்ந்து ஏறலாம், அவ்வளவு அகலம். பழக்கதோஷம், அதிலும் பக்கவாட்டில்தான் ஏறிப் போனாளாம்.