விழுப்புரத்தில் இருந்த இரண்டு

திண்டிவனத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தையல் கடை வைத்திருந்தோம். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. கடைசியில் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தோம். வெளியில் உண்டாக்கிய கருக்களில் சிலவற்றை என் வயிற்றில் வைத்தார்கள். தங்கவில்லை. மீதி இரண்டை உறைய வைத்திருக்கிறோம், உடம்பு தேறியதும் வாருங்கள் என்றார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வராது.

அந்த இரண்டும் ஏதோ பெரிய ஃப்ரிட்ஜில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. கடையில் கரண்ட் போனால் உடனே போனை எடுப்பார். விழுப்புரத்தில் டீக்கடை வைத்திருந்த கூட்டாளியிடம், "அங்க கரண்டு கீதா?" என்று கேட்பார். எதற்குக் கேட்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரியாது.

புயல் வந்த வருடம் எங்கேயும் கரண்ட் இல்லை. ரோட்டில் தண்ணீர் வடிந்ததும் மீன்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினார். ஐஸ் உடைத்துப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். பெட்டி ஒழுகி வேட்டியெல்லாம் நனைந்தது.

நர்ஸ் பெட்டியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. "இன்னாண்ணா இது?"

"ஐஸும்மா. நம்ம ரெண்டையும் இதுல வெச்சிக்கினு போயிடலாம்னு."

"எங்க, மார்க்கெட்டுக்கா?" சிரிப்பை அடக்க முடியவில்லை அதற்கு. "அதுக்குக் கரண்டே வேணாம்ணா. நைட்ரஜன்ல முங்கிக்கினு இருக்குது. குறைய குறைய ஊத்துவோம். அந்தக் குளிருக்கு உங்க ஐஸு அடுப்பு மாதிரி."

கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டியது. பால் கேன் போல ஒரு பாத்திரம். அவ்வளவுதான்.

"அப்ப இந்த ஐஸ இன்னா பண்றது?" என்றார்.

"ஜூஸ் போட்டுக் குடிங்க, போங்க."

அப்படியும் கரண்ட் போனால் டீக்கடைக்குப் போன் போடுவதை அவர் விடவில்லை.

அடுத்த வருடம் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழுதேனா என்று ஞாபகமில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாலியைக் கழற்றி வாங்குவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ஒன்று கேட்பார்கள். நாத்தனார்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா, கேக்கறது மொற. வயித்துல ஏதாச்சும் இருக்குதா? இப்பவே நாலு பேர் முன்னால சொல்லிடு. அப்புறம் ஊரு வாய மூட முடியாது."

வயிற்றில் இல்லை. விழுப்புரத்தில் இருக்கிறது. அதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

"இல்லக்கா," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

சில மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார் என்றதும் நேரில் வரச் சொன்னார்கள். அதே நர்ஸ்தான். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது.

"அண்ணன் இருக்கச்சயே சம்மதம் குடுத்துட்டாருக்கா. நீங்க சரின்னா டாக்டர் வெச்சுப் பாப்பாங்க. இல்ல, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்னாலும் சரி. வேணாம்னா எடுத்துடுவோம். உங்க இஷ்டம்."

என் வயிறு பெரிதாவதைத் தெரு பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். ஒவ்வொரு வாசலிலும் நின்று நைட்ரஜனைப் பற்றி விளக்க வேண்டும். ஜாக்கெட் அளவு கேட்கவே எனக்குக் குரல் எழும்பாது. இருக்கட்டும் என்று விட்டால், அடுத்த முறை கூப்பிடும்போதும் இதே நாற்காலியில் இப்படியே உட்கார்ந்திருப்பேன்.

"எடுத்துடுங்க," என்றேன்.

"வீட்டுல கேட்டுக்கினு சொல்லுங்களேன்."

"வீட்டுல நான்தான்."

கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. மயிலம் கூட்டுரோடு தாண்டியதும் தூங்கிவிட்டேன்.

மறு வாரம் மத்தியானம், ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மிஷின் மோட்டார் நின்றது. கை தானாகப் போனை எடுத்து, டீக்கடை நம்பர் வரைக்கும் போய்விட்டது. கீழே வைத்தேன். பெல்ட்டை மோட்டாரிலிருந்து கால் சக்கரத்துக்கு மாற்றிப் போட்டு, மிதித்து மீதி ஓரத்தை அடித்து முடித்தேன்.