தண்ணி வடிச்ச அவரைக்காய்

காய்க்காரி புருஷனுக்குக் காய் ஆகாதுன்னா சிரிப்பீங்களா, மாட்டீங்களா? மார்க்கெட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வேற இன்னா பண்றது?

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுல எனக்குச் சின்னதா ஒரு காய்க்கடை. காலையில வெள்ளிமலையிலேர்ந்து ஜீப்புல மூட்டை வந்து எறங்கும். அவரைக்காய், மொச்சை, பீர்க்கங்காய், அந்தந்த நாளுக்கு எது வருதோ அது. "மலைக்காயி, இப்பப் பறிச்சது, வாங்க வாங்க"ன்னு கத்துறதுதான் என் பொழப்பு. யாராவது வந்து, "ஏம்மா, ஃப்ரிட்ஜுல வெச்சதா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், எனக்குச் சுர்ருன்னு ஏறிடும். "ஒடிச்சுப் பாரு, சத்தம் கேக்குதா இல்லையான்னு பாரு"ன்னு சண்டைக்குப் போயிடுவேன்.

வூட்டுக்காரரு ஷேர் ஆட்டோ ஓட்டினவரு. சக்கரை முத்திப் போயி ரெண்டு கிட்னியும் கைய விரிச்சிடுச்சு. வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில எதைச் சாப்பிடணும், எதை வுடணும்னு சொல்றதுக்குன்னே ஒரு பொண்ணு இருந்துச்சு. என்னை உக்கார வெச்சு நிதானமாச் சொல்லுச்சு. காயில பொட்டாசியம்னு ஒண்ணு இருக்குதாம். நமக்கு அது நல்லது. கிட்னி போனவங்களுக்கு ரத்தத்துல ஜாஸ்தியாச்சுன்னா நெஞ்சே நின்னுடுமாம். முருங்கை, கீரை, மொச்சை, தக்காளி, இதெல்லாம் கிட்டயே வரக் கூடாது. மத்த காயைப் பொடிசா நறுக்கி, ஃப்ரீசர்ல கட்டியாக்கி, அப்புறம் எடுத்து நெறைய தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும்.

"சத்தெல்லாம் போயிடுமேம்மா"ன்னேன்.

"போகணும், அதுக்குத்தான்"னுச்சு அந்தப் பொண்ணு.

அன்னையிலேர்ந்து என் பொழப்பைப் பாருங்க. கடையில பச்சைக்காயின்னு தொண்டை கிழியக் கத்துறேன். வூட்டுக்கு வந்து அதே காயை நறுக்கி ஃப்ரீசர்ல அடைக்கிறேன். நானே ஃப்ரிட்ஜுல வெச்சு, நானே அவிச்சு, நானே அதோட உசுரை சிங்க்ல ஊத்துறேன்.

அவருக்கு அவரைக்காய்னா பிராணன். தண்ணியைக் கம்மியா வுட்டு, அதுலயே சுண்ட வெச்சு, மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வறுத்துப் பொடிச்சுத் தூவி எறக்கணும். கல்யாணம் ஆன புதுசுல நான் பண்ண முதல் பொரியலே அதுதான். இப்ப மல்லாட்டையும் கெடையாது, சுண்ட வெக்கிறதும் கெடையாது. தட்டைப் பாத்ததும் ஆரம்பிச்சுடுவாரு.

"இதுக்குப் பேப்பரை வேக வெச்சுக் குடுத்துடேன்."

"தினம் வருதே பேப்பரு, நாளைக்கு வேக வெக்கிறேன். இப்ப இதைத் துன்னுங்க."

சென்னையிலேர்ந்து எங்க பொண்ணு வரப்போ, நறுக்கி ஐஸாக்கின பீன்ஸு, கேரட்டு பாக்கெட்டு வாங்கியாந்துச்சு. காய்க்காரி வூட்டுக்கே கடைக்காயான்னு பொண்ணைக் கிழி கிழின்னு கிழிச்சேன். ஒரு நாளு அலுப்புல அந்தப் பாக்கெட்டுக் காயையே அவிச்சு வடிச்சு வெச்சேன். "இன்னைக்கு நல்லாருக்குதே"ங்கறாரு! சாயந்தரம் வரைக்கும் நான் அந்த ஆளுகூடப் பேசல.

உக்காந்த எடத்துல என்னால உக்கார முடியாது. தராசுல கை இருக்கும், நெஞ்சு வூட்டுல இருக்கும். பக்கத்து வூட்டுல தக்காளிச் சட்டினி வாங்கித் துன்னுட்டாரோ? கால் வீங்கியிருக்குமோ? ஆளு வந்து காயைப் பொறுக்கிக்கினு இருக்கப்பவே போனை எடுத்துடுவேன்.

"இன்னா பண்றீங்க?"

"மூச்சு வுட்டுக்கினு இருக்கேன். வெச்சுட்டு வியாபாரத்தைப் பாரு."

அந்த நக்கலைக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த எடை போட வரும்.

போன தை மாசம், மலையிலேர்ந்து அவரைக்காய் கொட்டு கொட்டுன்னு கொட்டுது. அன்னைக்கு டயாலிசிஸ் நாளு. மெஷின்ல போட்ட கொஞ்ச நேரத்துலயே அவருக்குப் பிரஷர் எறங்கிப் போச்சு. பாதியிலயே நிறுத்திட்டாங்க. டாக்டரு என்னை மட்டும் வெளிய கூப்பிட்டாரு.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. இனிமே மெஷின் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலி தெரியாம பாத்துக்கலாம்."

எனக்கு அது உள்ளயே போகல. எப்பவும் கேக்குறதையே கேட்டேன். "சாப்பாடு எப்படி சார்?"

"கட்டுப்பாடெல்லாம் வேணாம்மா. அவருக்கு என்ன பிடிக்குமோ செஞ்சு குடுங்க."

இந்த வார்த்தையை எப்ப சொல்லுவாங்கன்னுதானே ஒவ்வொரு தடவையும் அவங்க வாயைப் பாத்துக்கினு நின்னேன். சொன்னதும்தான் மெஷின் தாங்காதுன்னது எனக்கு உள்ள போச்சு.

அவருகிட்ட, "கொஞ்ச நாளு ரெஸ்ட்டாம், அப்புறம் வரச் சொல்றாங்க"ன்னு சொன்னேன். ஆட்டோவுல வூட்டுக்கு வர வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துக்கினு வந்தாரு.

காலையில கடையிலேர்ந்து எடுத்தாந்த அவரைக்காய் பையிலயே கெடந்துச்சு. ஃப்ரீசருக்குப் போகாத காயி. நாரு உரிச்சு நறுக்கி அடுப்புல போட்டேன். வாசனை கும்முன்னு எழும்புது. அவரு கட்டில்ல சாஞ்சுக்கினு சமையக்கட்டையே பாக்குறாரு. மல்லாட்டை டப்பாவைக் கையில எடுத்தேன். கீழ வெச்சேன். திரும்ப எடுத்தேன். இப்படியே சுண்ட வெச்சா அவரு ஆசைப்பட்ட பொரியல். இன்னைக்கு வுட்டா எப்பக் குடுப்பே, பாவி? ஆனா வடிக்காத அவரைக்காயைத் தட்டுல வெச்சா, டாக்டரு என்ன சொன்னாருன்னு நான் வாயைத் தொறந்து வேற சொல்லணுமா?

மல்லாட்டை டப்பாவை மூடிட்டேன். சட்டியில இன்னும் ரெண்டு சொம்பு தண்ணியை ஊத்திக் கொதிக்க வெச்சு, மொத்தத்தையும் சிங்க்ல வடிச்சேன். குழாயைத் தொறந்து வுட்டுட்டு அழுதேன். மூஞ்சியைக் கழுவிக்கினு தட்டை எடுத்துப் போனேன்.

ஒரு வாய் வெச்சாரு. மென்னாரு. நிமிந்து என்னைப் பாத்தாரு.

"தண்ணியை வடிச்சுட்டியா?"

"வடிக்காம? டாக்டரு கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அப்படியே செவுத்துல சாஞ்சாரு. பிடிச்சு வெச்சிருந்த மூச்சை வுட்டாரு.

"உன் மூஞ்சியைப் பாத்துப் பயந்தே போயிட்டேன்டி"ன்னாரு. அப்புறம் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு"ன்னாரு.