மோட்டார் நின்றால் பொங்கும் தொட்டி

ஒருநாள் மதியம் பல் டாக்டர் மாலதி மேடம் போன் செய்தார்.

"செல்வம், உடனே வாங்க. ராஜாங்கம் ஆளுங்களோட வாசல்ல நிக்கிறாரு. வாய்க்கால் தண்ணி உப்புக் கரிக்குதாம்."

நீடாமங்கலத்தில் ஏது உப்புத் தண்ணீர் என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் மேடம் வீட்டில் நான் பைப் போட்டுக் கொடுத்த கடல் மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. வண்டியை எடுத்தேன்.

அந்த வீடு ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருந்தது. மேடத்தின் அப்பா நிலம் அது. ராஜாங்கத்தின் குடும்பம் அதைக் குத்தகைக்கு உழுதுவந்தது. ஒரு மூலையில் மேடம் வீடு கட்டிக்கொண்டார். மீதி நிலத்தில் ராஜாங்கம் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அதன் உரிமை யாருக்கு என்று கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது.

தொட்டி வேலை ஆரம்பத்திலிருந்தே எனக்குக் குழப்பம்தான். கண்ணாடித் தொட்டி ஹாலில் உயரமாக இருந்தது. சுவரில் துளை போட்டு, பக்கத்து அறையில் தரையோடு இருந்த இன்னொரு தொட்டிக்கு பைப் கொண்டுபோக வேண்டும். எல்லா பைப்பும் முடித்துவிட்டு, "இந்த ஓவர்ஃப்ளோவ எந்தப் பக்கம் வெளிய விடணும் மேடம்?" என்று கேட்டேன்.

"வெளிய விடக்கூடாது செல்வம். அதுதான் மெயின் லைன். எந்நேரமும் அதுலதான் தண்ணி எறங்கிட்டே இருக்கணும்."

மாடித் தொட்டி கட்டிப் பழகியவன் நான். எங்கள் தொழிலில் ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் வந்தால் மோட்டாரை நிறுத்து என்று அர்த்தம். இங்கே அதில் தண்ணீர் வராவிட்டால்தான் தப்பாம்.

கீழ்த்தொட்டியில் மூன்று தடுப்பு. நடுத்தடுப்பில் ஒரு பந்து கடல்பாசியைப் போட்டு, மேலே லைட்டைக் கட்டி, ரெஃப்யூஜியம் என்றார். மீன் கழிவைப் பாசி உறிஞ்சிக்கொள்ளுமாம். மீன் வாய்க்குத் தப்பிய பொடிப் பூச்சிகள் அதற்குள் வளருமாம். கடைசித் தடுப்பில் இருக்கும் மோட்டார், சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். இறங்கும் பைப் கடகடவென்று சத்தம் போட்டது. அதிலிருந்த கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி அதை அடக்கினேன். பக்கத்தில் அவசரத்துக்கு ஒரு ஸ்டாண்ட்பை பைப்பும் போட்டேன். தண்ணீர் அமைதியாக ஓடியது. வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

போன் வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது ராஜாங்கம் கேட்டருகே நின்றிருந்தார். வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேரும் வாய்க்கால் அவருடைய நாற்றங்காலை ஒட்டித்தான் போகிறது.

"நீ போட்ட பைப்புதானே தம்பி? நாத்து ஒரு பக்கம் கருகிப்போச்சு. வாய்ல வச்சுப் பாரு தண்ணிய. வேதாரண்யம் பக்கம் எங்க மச்சான் வயலு எறால் பண்ணத் தண்ணியில செத்துப்போச்சு. இங்க வீட்டுக்குள்ளயே பண்ண வச்சிருக்காங்க. என்னைய நெலத்த விட்டு எழுப்பப் பாக்குறாங்க."

"அது மீன் தொட்டிங்க. நான் எதுக்கு அப்படிப் பண்ணப் போறேன்?" என்றார் மேடம்.

உள்ளே போனேன். அறைத் தரை முழுக்க ஈரம். தண்ணீர், தரையில் கழிவுநீர் இறங்கும் ஜாலி வழியாக வாய்க்காலுக்குப் போயிருந்தது. கீழ்த்தொட்டி விளிம்புவரை நிறைந்து நின்றது. அப்போது கரண்ட் இல்லை. மின்வெட்டு தினமும் இருந்த காலம் அது. ஆட்சி மாறினால் சரியாகும் என்று ஒரு கட்சிக்காரரும், போன ஆட்சியால் வந்த வினை என்று இன்னொரு கட்சிக்காரரும் டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மோட்டார் நின்ற பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ஓடியதும் கீழ்த்தொட்டி மட்டம் தானாக இறங்கிப் பழைய நிலைக்கு வந்தது. எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

வெளியே வந்து, "எங்கயும் லீக் இல்லைங்க" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் தொறந்து விட்டிருக்காங்க" என்றார் ராஜாங்கம், தன்னோடு வந்தவர்களைப் பார்த்து.

நான் சொன்னது உண்மை. ஆனால் அது மேடத்தைக் குற்றவாளியாக்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று ராஜாங்கத்திடம் கெஞ்சி அனுப்பிவைத்தேன்.

தண்ணீர் திரும்பி வருகிறதோ என்ற சந்தேகத்தில் மோட்டார் லைனில் ஒரு என்ஆர்வி மாட்டினேன். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு அது. அடுத்த சில நாளில் கரண்ட் போனதும் மறுபடி தரையில் தண்ணீர். வால்வைக் கழற்றிப் பார்த்தால் பாசி இழை சிக்கி மூடி முழுதாக மூடாமல் நின்றது. அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

கடைசியில் மேடத்தைக் கீழ்த்தொட்டியருகே நிற்கச் சொல்லி, மேல்தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நானே சுவிட்சை அணைத்தேன்.

"கீழ ஏறுது செல்வம்" என்றார்.

மேலே மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் ஏற்றும் பைப்பின் வாயை, அழகுக்காக, மேல்தொட்டியில் ஆழத்தில் விட்டிருந்தோம். டியூபை வாயால் உறிஞ்சி டின்னிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவது போல, மோட்டார் நின்றதும் அதே பைப் மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

பைப்பை அறுத்து, வாயை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தேன். மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். இறங்கும் தண்ணீருக்கு இடம் இருக்கும்படி கீழ்த்தொட்டியில் தண்ணீரைக் குறைத்தேன். தரை ஜாலியிலிருந்து வாய்க்காலுக்குப் போன பைப்பை அடைத்து ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டேன்.

பிறகு வயலுக்குப் போய் ராஜாங்கத்தைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றவர், நான் நகராமல் நிற்பதைப் பார்த்து மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கினார். வீடு கட்டியதிலிருந்து அவர் அதற்குள் வந்ததில்லை.

"உள்ள வாங்க" என்றார் மேடம்.

சுவிட்சை அணைத்தேன். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறியது. காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. விளிம்புக்குக் கீழே தண்ணீர் நின்றது. ராஜாங்கம் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கு இதுதான் வழிஞ்சுதா?"

"இதுதாங்க."

"இன்னொரு தடவ நிறுத்து."

மோட்டாரைப் போட்டு மறுபடி நிறுத்தினேன். தண்ணீர் அதே இடத்தில் நின்றதும் அவர் நிமிர்ந்தார். கெட்டுப்போன நாற்றுக்குப் பதில் நாற்று வாங்கித் தருவதாக மேடம் சொன்னார்.

"மீதி நாத்து இருக்கும்மா, அது போதும். கேஸ கோர்ட்ல பாத்துக்கலாம். தண்ணியில மட்டும் வெளையாட வேணாம்."

"இல்லங்க. இனிமே வராது" என்றேன்.

அவர் என்னை முழுதாக நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்த வருடம் அவர் நடவு நட்டார்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓடவிட்டுப் பார்த்தால் பாதி வேலைதான் பார்த்தீர்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள். காரணம் பிடிபடவில்லை என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் வேறு எதைச் சொன்னாலும் அது யாரோ ஒருவர் தலையில் போய் விழும்.